றோஸ்மேரி அக்காவும் ஐந்து ரயர்களும்

இந்தக் கோடையில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். நாலு நாள். ஒரு ஏரி. இரண்டு பேர். மூன்றாவதாக யாராவது வந்தால் அது கடிக்க வருகிற நுளம்பாக மட்டுமே இருக்கலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் வேரோனிக்காவுக்கும் கலியாணமாகி இருபத்தெட்டு வருடம். இந்த இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. மொன்றியலுக்குப் போனோம், சாமத்தியவீடு. லண்டனுக்குப் போனோம், செத்தவீடு. பாரிசுக்குப் போனோம், கலியாணவீடு. ஐஃபெல் கோபுரத்தை மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆவணியும் மிட்லண்டுக்கு யாத்திரை போகிறோம். ஐந்து குடும்பம், மூன்று வான், ஒரு சோற்றுக் கிடாரம். எங்கள் தேன்நிலவே கொழும்பில் வேரோனிக்காவின் பெரியப்பா வீட்டில்தான் நடந்தது. பெரியப்பா ஹோலில் படுத்திருந்து இருமிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து ஆளுக்கொரு மாகாணத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். அஜக்ஸில் உள்ள வீட்டில் நாங்கள் இருவரும்தான். போன இலையுதிர்காலத்தில் ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கினேன். பத்தொன்பது அடி. இரண்டு அச்சு, நாலு சில்லு. உள்ளே கட்டில், அடுப்பு, குட்டிக் குளிர்ப்பெட்டி, குனிந்து போனால் குளியலறை. என் பிக்கப்பின் பின்னால் கொழுவினால் வீடே கூட வரும். மாசி மாதமே விடியக் காலையில் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, பரி சவுண்டுக்கு அங்கால் ஜோர்ஜியன் குடா என்ற ஏரிக்கரையில் நாலு நாளுக்கு ஒரு இடம் பதிந்துவிட்டேன்.

வைகாசியில் குளிர் முற்றாக விட்டதும் வேரோனிக்கா ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த ரயர் எல்லாம் பாத்தனீங்களே? பழசு போல கிடக்கு."

நான் போய் ஒரு ரயருக்கு உதைந்தேன். எங்கள் ஆண்கள் ரயரைச் சோதிக்கும் முறை அதுதான். கால் நொந்தது. கால் நொந்தால் ரயர் நல்லது.

"சிங்கம் மாதிரி நிக்குது" என்றேன்.

"மாத்தினா நல்லது எண்டு நினைக்கிறன்."

"ரயரில வெட்டின பூவே அழியேல்ல, வேரோ. புது ரயர் மாதிரி. சும்மா காசைக் கரைக்கிறதே?"

அவள் ஒன்றும் பேசவில்லை. இருபத்தெட்டு வருடமாக நான் அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்றுதான் விளங்கிக்கொண்டு வருகிறேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான செலவுகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவும் அத்தானும் வருகினமாம்."

"வரட்டும். எப்ப?"

"ஆடியில. எங்களோட காம்ப்புக்கு."

தேத்தண்ணி என் மூக்கு வழியாக வந்தது.

அக்கா என்பது வேரோனிக்காவின் தமக்கை றோஸ்மேரி. அத்தான் என்பது அவருடைய கணவர், என் சகலன், மரியோ அண்ணை. ஏரிக்குப் போகிற வழியில், இன்னிஸ்ஃபில்லில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். அதுதான் பிரச்சினையே. கெட்டவர்கள் என்றால் சண்டை பிடித்து விலகியிருக்கலாம். என் கார் பனியில் புதைந்தபோது நூறு கிலோமீற்றர் ஓடிவந்து தோண்டி எடுத்தவர் மரியோ அண்ணை. தோண்டி எடுத்துவிட்டு, பனியில் எப்படிக் கார் ஓட்டுவது என்று இரண்டு மணித்தியாலம் வகுப்பும் எடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் குளிர்ப்பெட்டியைத் திறந்து, எந்தத் தட்டில் குளிர் கூட என்று சொல்வார். றோஸ்மேரி அக்கா நாலு பேருக்குச் சமைக்கத் தொடங்கினால் இருபது பேர் சாப்பிடலாம். மிச்சத்தைப் பதினாறு பெட்டியில் போட்டு நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

"வருவம் எண்டு சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"பின்ன நான் கனவே கண்டனான்?"

"நாங்கள் ரெண்டு பேரும் தனியப் போறதெண்டெல்லே கதைச்சனாங்கள்?"

"ரெண்டு பேர் இருந்து என்ன செய்யிறது? நாலு பேர் எண்டா முன்னூற்றி நாலு விளையாடலாம்."

முன்னூற்றி நாலு எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். நாலு பேர் வேண்டும். மரியோ அண்ணை ஒவ்வொரு சீட்டையும் மேசையில் நுளம்பு அடிப்பதுபோல அடித்துப் போடுவார். தோற்றவருக்கு ஏன் தோற்றார் என்று விளக்கம் சொல்வார். எனக்கு நிறைய விளக்கம் கிடைத்திருக்கிறது.

"உண்மையாவே வருகினமோ? வடிவாக் கேட்டனீரோ?"

வேரோனிக்கா கையைக் கழுவி, துடைத்து, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சந்தேகம் எண்டா நீங்களே அடிச்சுக் கேளுங்கோ."

நான் அந்தப் போனைத் தொடவில்லை. வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்கள் ஆட்களிடம் "வாறியளோ?" என்று கேட்பது கேள்வி அல்ல, அழைப்பு. வராமல் இருக்க நினைத்தவர்கள் கேட்டால் வருவார்கள். வர நினைத்தவர்கள் கேட்டால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "வராதேயுங்கோ" என்று சொல்லலாமா? சொல்லலாம். பிறகு மூன்று தலைமுறைக்கு ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்க முடியாது.

"இல்லை, இல்லை. வரட்டும். சந்தோசம்தானே" என்றேன். தன் ஆஸ்தியை மற்றவனுக்கு எழுதிக் கொடுக்கிறவனின் குரல் அது.

அன்றைக்கே யோசிக்கத் தொடங்கினேன். நான் பிக்கரிங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பாரம் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம்! அதுதான் வழி. ட்ரெயிலர் பாரம் தாங்காது என்றால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். ரயரைக் குறை சொல்லலாம். ரயருக்குக் கோபம் வராது.

சனிக்கிழமை காலையில் ஒரு பெரிய மட்டையை விரித்து ட்ரெயிலருக்குக் கீழே ஊர்ந்தேன். சற்று நேரத்தில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. எதிர்வீட்டு இராஜரட்ணம் அண்ணை. ஓய்வுபெற்றவர். எங்கள் தெருவில் யார் எதைக் கழற்றினாலும் அவர் வந்து பக்கத்தில் நிற்பார்.

"என்ன அகஸ்ரின், பழுதோ?"

"பழுதா இருக்கவேணும் அண்ணை. தேடுறன்."

"கிடைச்சதோ?"

"ரயரில ஒரு இலக்கம் கிடக்குமாம். அதில செய்த திகதி தெரியுமாம். வீடியோவில பாத்தனான்."

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். நீளமான எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம்: 3615. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டின் முப்பத்தாறாவது வாரம். மற்றப் பக்கம் போனேன். அதே இலக்கம். ரயரின் உள்பக்கச் சுவரில், வெளியில் நிற்பவருக்குத் தெரியாத இடத்தில், வறண்ட குளம்போல வெடிப்பு. ஒவ்வொரு ரயரிலும்.

"அண்ணை, இது பத்து வருசத்துக்கு மேல."

இராஜரட்ணம் அண்ணை குனிந்து பார்த்தார். "உதில போறதெண்டா உயிர்க் காப்புறுதியை முதல் பாரும்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பொய் சொல்வதற்காகக் கீழே போனவன் நான். உண்மையோடு வெளியே வந்தேன்.

குசினிக்குள் போய் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன்.

"வேரோ, ஒரு கவலையான சங்கதி. ரயர் சரியில்லை."

"சிங்கம் எண்டியள்?"

"கிழட்டுச் சிங்கம். பாரம் தாங்காது."

"எவ்வளவு தாங்கும்?"

"ரெண்டு பேர்."

அவள் வெங்காயத்தை வெட்டுவதை நிறுத்தினாள். "ஆக்கள் பிக்கப்புக்குள்ளதானே இருக்கிறது? ட்ரெயிலருக்குள்ள இல்லையே?"

"ஆக்கள் இல்லை வேரோ, ஆக்களின்ர சாமான். அக்கா எண்டா இருபது கிலோ அரிசிச் சாக்கு. இடியப்பத் தட்டு. அந்தப் பெரிய தாச்சி. அத்தான் எண்டா ஸ்பீக்கர், மைக், சுத்தியலும் சாவியும் போட்ட ஆயுதப் பெட்டி..."

"ரெண்டு பேரின்ர சாமான் எண்டா உந்த ரயர் தாங்கும்?"

இங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

"தாங்கும்" என்றேன்.

"வெடிச்ச ரயரில. பத்து வருசத்து ரயரில. நானூறாம் நெடுஞ்சாலையில. என்னை ஏத்திக்கொண்டு போவியள்?"

"இல்லை... தாங்காது."

"அப்ப மாத்தவேணும்."

"மாத்தத்தான் வேணும். ஆனா மாத்தினாலும் ரெண்டு பேர்தான்."

"சரி. முதல்ல மாத்துங்கோ."

மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். வெங்காயம் அவளை அழவைப்பதில்லை. என்னைத்தான்.

ஸ்காபரோவில் ஜஸ்ரின் என்ற பொடியன் ரயர்க் கடை வைத்திருக்கிறான். பொடியன் என்றால் நாற்பது வயது. அங்கே ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போனோம். நான் வெறும் ரயர் வாங்கத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் சுவரில் அவை மாட்டியிருந்தன. அலுமினிய றிம். பதினைந்து அங்குலம். என்னுடையவை பதினாலு அங்குலத் துருப்பிடித்த இரும்பு. அந்த றிம்மில் என் முகம் தெரிந்தது. இளமையாகத் தெரிந்தது.

"ஜஸ்ரின், உது எங்கட வண்டிக்குச் சரிவருமோ?"

அவன் கீழே குந்தியிருந்து அளந்தான். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் அளந்தான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் அளந்தான். "சரிவரும் அண்ணை. மேல நாலு விரல் இடம் கிடக்கு. ரயரும் ஒரு படி பெலமானதாப் போடலாம். ட்ரெயிலருக்கு எண்டே செய்யிற ரயர்தான் போடவேணும், கார் ரயர் போட்டா வளைவில நெளியும்."

"பெலமானது எண்டா கூடப் பாரம் ஏத்தலாமோ?" என்று வேரோனிக்கா கேட்டாள். அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கோவிலில் இருப்பதுபோல இருந்தவள்.

இதை நான் யோசிக்கவே இல்லை. பெலமான ரயர் என்றால் அரிசிச் சாக்கு வரும். தாச்சி வரும். மைக் வரும்.

"இல்லை அக்கா" என்றான் ஜஸ்ரின். "ரயர் தாங்கும். அச்சு தாங்காது. வண்டியில ஒட்டியிருக்கிற பாரக் கணக்குத்தான் கணக்கு. ரயரை மாத்தினா அது மாறாது."

அவனை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. "உதைப் பில்லில எழுதும்" என்றேன்.

"அது எழுதத் தேவையில்லை அண்ணை."

"எழுதும் தம்பி. பெரிய எழுத்தில. தமிழில."

ஜஸ்ரின் என்னையும் வேரோனிக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் கலியாணம் கட்டியவன். மறுபேச்சில்லாமல் எழுதினான்.

"தம்பி, ஸ்பெயர் ரயரும் இதே அளவில போடுங்கோ" என்றாள் வேரோனிக்கா.

"ஓடுறது நாலுதானே வேரோ?"

"ஒண்டு வெடிச்சா பதினைஞ்சு அங்குலத்துக்குப் பக்கத்தில பதினாலு அங்குலத்தைப் போட்டு நொண்டிக்கொண்டு போறதே?"

ஜஸ்ரின் தலையாட்டினான். ஐந்து ரயர். கடைசியில் எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னான். "புது றிம் அண்ணை. முதல் நூறு கிலோமீற்றர் ஓடினதும் நிப்பாட்டி நட்டெல்லாத்தையும் திருப்பி இறுக்கவேணும். சும்மா கையால இல்லை. அளவு பாத்து இறுக்கிற சாவி இருக்கெல்லே, கிளிக் எண்டு சத்தம் வாறது, அதால. மறக்காதேயுங்கோ. மறந்தா சில்லு உங்களுக்கு முன்னால போகும்."

அடுத்த கிழமை முழுவதும் நான் வேலையால் வந்து றிம்முக்குப் பொலிஷ் போட்டேன். ட்ரெயிலர் ஒரு அங்குலம் உயர்ந்து கம்பீரமாக நின்றது. தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இராஜரட்ணம் அண்ணை தினமும் வந்தார். வேரோனிக்காவோ என்னை அதிசயிக்க வைத்தாள்.

"பில்லை வாசிச்சன். நீங்கள் சொன்னது சரிதான். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போவம்."

"அப்ப அக்கா?"

"அக்காவுக்கு நான் சொல்லுறன்."

"கோவிக்கமாட்டாவே?"

"அது என்ர பாடு."

வென்றுவிட்டேன்! இருபத்தெட்டு வருடத்தில் முதல் வெற்றி. எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். ஆனாலும் இரவுச் சாப்பாட்டின்போது றோஸ்மேரி அக்கா கட்டின பையை அவிழ்ப்பதுபோல ஒரு காட்சி கண்முன்னால் வந்தது. நல்ல மனிசி. என் தட்டில் எப்போதும் கட்லற் ஒன்று கூட வைப்பவர்.

பொய்யை நம்பவைக்க வேண்டுமென்றால் அதன்படி வாழ வேண்டும். ஆகவே பயணப் பெட்டி நிறுக்கும் தராசை எடுத்தேன். ஊருக்குப் போகும்போது இருபத்துமூன்று கிலோ பார்ப்பதற்கென்று எங்கள் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதை ட்ரெயிலர் கதவில் கொழுவி, ஏறும் ஒவ்வொரு பையையும் நிறுத்தேன்.

"மிளகாய்த்தூள் எழுநூறு கிராம். நாலு நாளைக்கு எழுநூறோ?"

"குறைக்கிறன்."

"இது என்ன, மூண்டு கிலோ?"

"உங்கட மீன்பிடி ஆயுதங்கள்."

"அது இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். இராஜரட்ணம் அண்ணை வாகனப் பூசைக்கென்று நாலு தேசிக்காயோடு வந்து சில்லுக்கு ஒன்றாக வைத்தார். நாங்கள் வேதக்காரர் என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. "ரயருக்கு என்ன சமயம்?" என்றார். வேரோனிக்கா மடு மாதா கோயிலிலிருந்து வந்த தீர்த்தப் போத்தலைத் திறந்து தேசிக்காய்க்கு மேலேயே தெளித்தாள். பாதுகாப்பில் நாங்கள் குறை வைக்கவில்லை.

ட்ரெயிலர் வெண்ணெயில் போவதுபோல வந்தது. பழைய ரயரில் இடமும் வலமும் ஆடும். இப்போது ஆட்டமே இல்லை. கண்ணாடியில் றிம் மினுங்கியது. வேரோனிக்கா பாட்டுப் போட்டாள். தோடம்பழம் உரித்து ஒரு சுளையை என் வாயில் வைத்தாள். கலியாணமான புதிதில் செய்தது.

தொண்ணூறாவது கிலோமீற்றரில் அவள் கேட்டாள். "நட்டு இறுக்க வேணுமெல்லே? அந்தச் சாவி எங்க வைச்சனீங்கள்?"

நான் யோசித்தேன். கராஜ். இரண்டாவது தட்டு. பொலிஷ் போத்தலுக்குப் பக்கத்தில்.

"வீட்டில" என்றேன்.

"தராசு?"

"அது கொண்டுவந்தனான்."

அவள் பாட்டை நிறுத்தினாள். "இன்னிஸ்ஃபில்லுக்கு இறங்குங்கோ. அத்தானிட்ட இருக்கும்."

"வேண்டாம் வேரோ! என்னெண்டு முகத்தில முழிக்கிறது?"

"சில்லு கழண்டு போனா அதைவிட வடிவாக முழிப்பியள். இறங்குங்கோ. இறுக்கின உடனை வெளிக்கிடுவம். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல்லும்."

மரியோ அண்ணை புல்லு வெட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சாவி என்று சொல்லி முடிப்பதற்குள் கொண்டுவந்துவிட்டார். என்னைத் தொடவிடவில்லை. "நட்டு வட்டமா இறுக்கக் கூடாது தம்பி. எதிர் எதிரா இறுக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே கிளிக், கிளிக் என்று இறுக்கினார். நாலு சில்லிலும் ஒவ்வொரு நட்டு கொஞ்சம் இளகித்தான் இருந்தது. றோஸ்மேரி அக்கா தேத்தண்ணியும் கட்லற்றும் கொண்டுவந்தார். என் தட்டில் ஒன்று கூட.

அந்தக் கட்லற்தான் என்னைக் கெடுத்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, குறை நினையாதேயுங்கோ" என்றேன். வேரோனிக்கா இருமினாள். நான் கேட்கவில்லை. "ரயர் புதுசு எண்டாலும் அச்சுப் பழசு. அதாலதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாமல் போச்சு."

"எங்க?" என்றார் றோஸ்மேரி அக்கா.

"காம்ப்புக்கு."

"நாங்கள் எப்ப காம்ப்புக்கு வாறம் எண்டனாங்கள்?"

நான் வேரோனிக்காவைப் பார்த்தேன். அவள் பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியோ அண்ணை சில்லுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். "காம்ப்போ? எத்தினை நாள்?"

"நாலு" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

"ரெண்டு பேரும் தனியவோ? அட பாவமே. றோஸ், தம்பி இவ்வளவு தூரம் வந்து மனம்விட்டுக் கேக்கிறார். மாட்டன் எண்டு சொல்லக் கூடாது. எங்கட கூடாரம் பரணில கிடக்குதெல்லே?"

வரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை என்று வருத்தப்பட்டால், அதுவும் அழைப்புத்தான். இருபத்தெட்டு வருடம் காத்திருந்த நாலு நாள், கையில் கட்லற்றோடு நிற்கும்போது என் வாயாலேயே போய்விட்டது.

வேரோனிக்கா மேப்பிள் மரத்தை விட்டுத் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்கோ அத்தான்! நல்ல சந்தோசம். இவர்தான் பாரம், பாரம் எண்டு பயப்பிடுறார்." கைப்பையைத் திறந்து ஜஸ்ரினின் பில்லை எடுத்து நீட்டினாள்.

மரியோ அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கிறான். அதுக்கென்ன, நாங்கள் எங்கட வானில வாறம்."

"அதுவும் நல்லதுதான். கழிவறை மட்டும் கொஞ்சம் தூரம் அத்தான். நானூறு மீற்றர்."

"உங்கட ட்ரெயிலருக்குள்ள இல்லையோ?" என்று றோஸ்மேரி அக்கா கேட்டார்.

"இருக்கு அக்கா. ஆனா தண்ணியும் பாரம்தானே. இவர் நிரப்ப விடேல்ல." நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. "நடந்தாலும் பரவாயில்லை. கரடி இல்லாட்டி."

"கரடியோ?"

"பெரிசில்லை அக்கா. நடுத்தரம். ட்ரெயிலருக்குக் கிட்ட வராதாம். கூடாரம் எண்டாத்தான் சாப்பாட்டு மணத்துக்கு வந்து தலையை நீட்டிப் பாக்குமாம்."

மரியோ அண்ணை சாவியைத் துணியால் துடைத்தார். "கரடியைக் கண்டா ஓடக் கூடாது. கண்ணைப் பாக்கக் கூடாது. மெதுவாப் பின்னால நடக்கவேணும்" என்று எங்களுக்கு விளக்கினார். துடைத்த சாவியை இன்னொரு தரம் துடைத்தார். "எனக்குப் பயம் எண்டில்லை. இந்த ஞாயிறு கோயில்ல வாசகம் வாசிக்கக் கிடக்கு."

"அது போன ஞாயிறெல்லே வாசிச்சனீங்கள்?" என்றார் அக்கா.

"இந்த ஞாயிறும் கேட்டிருக்கினம்."

ஐந்தாவது நிமிடம் நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்தோம். வேரோனிக்காவின் மடியில் ஒரு பெட்டி கட்லற். பத்துக் கிலோமீற்றர் போனதும் தொடங்கினேன்.

"வேரோ."

"ம்."

"அக்கா வாறன் எண்டு சொல்லவே இல்லை."

"இல்லை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"வைகாசியில ரயரை மாத்துங்கோ எண்டு கேட்டன். உதைஞ்சுபோட்டுச் சிங்கம் எண்டியள்."

"திகதி பாக்கத் தெரியாமல் சொன்னதப்பா."

"எனக்குத் தெரியும். பங்குனியில பனி வழிக்கேக்க அந்த இலக்கத்தைப் பாத்தனான். போனில படமும் கிடக்கு."

வண்டி சற்று ஆடியது. ரயரில் பிழை இல்லை.

"அப்ப நேர சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மாத்தியிருப்பியளோ?"

நான் நேர்மையாக யோசித்தேன். ரயருக்கு இன்னும் இரண்டு வருடம் கிடக்கு என்று சொல்லியிருப்பேன். அவள் கட்டாயப்படுத்தினால் உதைந்து காட்டியிருப்பேன்.

"இல்லை" என்றேன்.

"எனக்கு அந்த ரயரில வரப் பயம். வராமல் விடவும் மனமில்லை. இத்தினை வருசத்தில ஒருக்கா, ஒரே ஒருக்கா, நாங்கள் ரெண்டு பேரும் எண்டு கூட்டிக்கொண்டு போறியள். அக்கா வாறா எண்டு சொன்னா நீங்களே கீழ ஊர்ந்து பிழை கண்டுபிடிப்பியள் எண்டு தெரியும். ஒரு கிழமை எடுக்கும் எண்டு நினைச்சன். ரெண்டு நாளில ஊர்ந்திட்டியள்."

"நான் அத்தானுக்கு அடிச்சுக் கேட்டிருந்தால்?"

அவள் தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். "நீங்கள் கேக்க மாட்டியள்" என்றாள்.

பின்னேரம் ஏரிக்கரையில் சேர்ந்தோம். இறங்கி முதலில் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை, ஆட்டமில்லை. இரண்டு கதிரையைப் போட்டோம். தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. கழிவறை இருபது அடி தூரத்தில் இருந்தது. கரடி என்று சொல்ல ஒரு அணில் மட்டும் வந்து எங்கள் கட்லற்றை நோட்டம் பார்த்தது. பக்கத்தில் இருமுவதற்கு யாரும் இல்லை. வேரோனிக்கா செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள். குளிர் ஏறிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். கேட்டதேயில்லை என்றுதான் நினைக்கிறேன். எப்போதும் பக்கத்தில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்றுப்போனவனுக்கு இவ்வளவு கிடைக்குமென்றால், வருடம் ஒருதரம் தோற்கலாம்.

"அடுத்த கோடைக்கு எங்க போவம்?" என்று கேட்டேன்.

"கிழக்குக் கரைக்குப் போவம். கடல் பாக்கவேணும். இப்ப ரயருக்குப் பயமில்லைத்தானே." பிறகு காலைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முதல் மார்கழியில நத்தார் வருது. அக்காவும் அத்தானும் எங்கட பேஸ்மென்றில வந்து ரெண்டு கிழமை நிக்கப்போயினமாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள்.

"பேஸ்மென்றில என்ன திருத்தவேணும் எண்டு சொல்லும்" என்றேன், "செவ்வாய்க்கிழமையே தொடங்கிறன்."